வாட்டம்

2015 கார்த்திகையில் ஏரி கோடி போகிறதென்று ஊரே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக் கக்கூஸும் கோடி போனது. அதை வேடிக்கை பார்க்க நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மா தாம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். போன் போகவில்லை.

முதலில் கோப்பையில் தண்ணீர் இறங்க மறுத்தது. ஒரு வாளி ஊற்றினால் விளிம்பு வரை ஏறி நின்று, யோசித்து, அரைமணி கழித்துக் கொஞ்சம் இறங்கும். சாயங்காலம் குளியலறை ஜாலி வழியாகக் குபுக் குபுக்கென்று கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. எல்லா அடைப்புக்கும் அப்பாவிடம் ஒரே மருந்துதான், ஆசிட். ஒரு பாட்டில் முழுக்கக் கவிழ்த்தார். புகைந்தது, இருமினோம், தண்ணீர் அப்படியே நின்றது.

"டேங்க்கைத் திறந்து பாத்துடலாம்பா."

"பாக்கலாம்."

"மூடி எங்க இருக்கு?"

அப்பா கொல்லைப் பக்கம் கையை நீட்டிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் ஒரு லாரியை நிறுத்தித் திருப்பிவிடலாம்.

அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். 1986-இல் செப்டிக் டேங்க் கட்டியதற்குத் தனி நோட்டே வைத்திருந்தார். செங்கல் 1,800, சிமெண்ட் 14 மூட்டை, பீங்கான் குழாய் 24, சணல் இரண்டு கிலோ, மேஸ்திரி கூலி, சித்தாள் கூலி, ஆயுத பூஜைக்குப் பொரி கடலை எல்லாம் அதில் உண்டு. எது எங்கே இருக்கிறது என்பதுதான் இல்லை. போதாததற்கு, அக்கா கல்யாணத்துக்குப் பந்தி போடக் கொல்லை முழுக்கச் சிமெண்ட் தரை போட்டோம். மூடி அதற்கடியில் போய்விட்டது. மழையில் நனைந்தபடி ஒரு கடப்பாரையை வைத்துக்கொண்டு நான் அங்கேயும் இங்கேயும் தட்டிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள் புதையல் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்காமல் போகமாட்டார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டியது. ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த கதை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைச் சொல்வார். முப்பத்தைந்து வயதுக்குக் குறையக்கூடாது, எழுபதைத் தாண்டக்கூடாது, சொந்த மனையில் சொந்த வீடு இருக்கவேண்டும் என்று தகுதிகளை விரல்விட்டு எண்ணுவார். தந்திவர்ம பல்லவன் காலத்து வைரமேகத் தடாகம்தான் இப்போதைய பெரிய ஏரி என்பதையும் சேர்த்துக்கொள்வார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஏரித்தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்று சொல்லத் தெரிந்த மனிதருக்குத் தன் வீட்டுத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரியவில்லை. அன்று மழையில் நின்றுகொண்டு இதை அவரிடம் சொல்லியும் காட்டினேன். நல்ல பிள்ளை செய்கிற காரியமில்லை.

கடைசியில் 1999-இல் டேங்க்கைச் சுத்தம் செய்த ஆளின் ஞாபகம் வந்தது. ஊருக்கு வெளியே இருந்தார். டிவிஎஸ் ஃபிஃப்டியில் போய்க் கூட்டிவந்தேன். எழுபதை நெருங்கியிருந்தார், ஒரு கண்ணில் புரை. கொல்லைக்குள் வந்தவர் எதையும் தேடவில்லை. கக்கூஸ் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். வேப்பமரத்தைப் பார்த்தார். எட்டு வைத்து நடந்தார். நின்ற இடத்தில் கடப்பாரையின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு. முதல் தட்டில் சத்தம் கனமாக வந்தது, ஓரடி தள்ளித் தட்டியதில் பானையைத் தட்டிய மாதிரி.

"இங்க கீது பாரு சார்."

தரையை உடைத்தோம். ஒரு சாண் கூட விலகவில்லை. பதினாறு வருஷத்துக்கு முந்தி ஒரே ஒரு ராத்திரி வந்து வேலை செய்துவிட்டுப் போன இடம்.

நாலு நாள் கழித்து வந்து சேர்ந்த அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள், "தோய்க்கிற கல்லுலேர்ந்து மூணு எட்டு. டேங்க் கட்டும்போது மேஸ்திரிக்குத் தண்ணி மொண்டு குடுத்தது யாரு? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." அன்றைக்குத்தான் போன் இல்லை. அதற்கு முந்தைய இருபத்தொன்பது வருஷமும் போனா குறுக்கே நின்றது?

எழுபதுகளில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, எங்கள் வீட்டில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். கொல்லைச் சுவரின் கோடியில் இரண்டு கல், அடியில் தகர முறம், சுவரில் ஒரு முழ உயரத்துக்கு மரக்கதவு. அந்தக் கதவு சந்துப் பக்கம் திறக்கும். காலையில் ஒரு அம்மா வருவாள். சாம்பல் தூவும் சத்தம், தகரம் உரசும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். சத்தங்களாகத்தான் அவளை எனக்குத் தெரியும். முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குப் பழைய புடவை வாங்கிக்கொள்ளச் சந்துப் பக்கம் வந்து நின்றாள், பாட்டி சுவர்மேல் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு எடுத்துக்கொண்டாள். பெயர் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று இப்போது கேட்டால் தெரிகிறது. எங்கள் தெருவின் வயிறு எந்த வீட்டில் எப்படி இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

1986-இல் டேங்க் கட்டினோம். எட்டடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி ஆழம். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். முதல் அறையில் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவிலிருக்கும் தண்ணீர் மட்டும் தடுப்பைத் தாண்டி அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து உறை இறக்கிய குழிக்குப் போய் மண்ணில் ஊறும். காற்றில்லாத இருட்டில் வாழும் கிருமிகள் படிந்ததைத் தின்று கரைக்கும். மேஸ்திரி டேங்க்கை மூடுமுன் இரண்டு கூடைச் சாணத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னார். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்று அம்மாவிடம் விளக்கினார். அம்மா அந்த உவமையை இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்தக் கிருமிகளின் தலையில்தான் அப்பா மாதாமாதம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பது பின்னால் எனக்கு உறைத்தது.

செப்டிக் டேங்க் என்ற பெயரை வைத்தவர் டொனால்ட் கேமரன், இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்துப் பொறியாளர், 1895-இல். அவருக்கு முன்பே 1860-களில் பிரான்ஸில் மூராஸ் என்பவர் தன் வீட்டுக் கழிவைத் தொட்டியில் விட்டுப் பார்த்து, வருஷங்கள் கழித்துத் திறந்தபோது உள்ளே எதிர்பார்த்ததைவிடக் கசடு மிகக் குறைவாக இருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டாராம். திறந்து பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதைச் சொல்லவேண்டும். நாங்கள் பதின்மூன்று வருஷம் திறக்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுக்கவேண்டிய டேங்க்.

1999-இல் திறந்தபோது இரண்டு பேர் வந்தார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல். தெருவில் யாரும் பார்க்கக்கூடாது என்று அப்பாதான் அந்த நேரத்தைச் சொன்னார். காலையிலேயே மூடியைத் தூக்கி வைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் ஒரு குழி வெட்டினார்கள். கயிறு கட்டிய வாளியால் மேலிருந்து மொண்டு குழியில் கொட்டினார்கள். பாதிக்கு மேல் வாளிக்கு எட்டவில்லை. பின்னால் எனக்கு மூடியைக் கண்டுபிடித்துக் கொடுத்தாரே, அவர் உள்ளே இறங்கினார். இடுப்பளவு. நான் மொட்டைமாடியில் நின்றிருந்தேன், எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. டார்ச் பிடிக்கிறேன் என்ற சாக்கில் நின்றிருந்தேன். மாடியிலிருந்து டார்ச் வெளிச்சம் எதுவரைக்கும் போகும்?

வேலை முடிந்து கிணற்றடியில் மண்ணெண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். அம்மா இரண்டு வாழையிலையில் இட்லி வைத்தாள். அவர்கள் சாப்பிடவில்லை, கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். பசி வர ரெண்டு நாளாகும் என்று ஒருவர் சொன்னார்.

2015-இல் அதே மனிதரிடம், மூடி கிடைத்த தைரியத்தில், அப்பா வாய் தவறியோ பழக்கத்திலோ கேட்டார், "உள்ள எறங்கிப் பாத்துடேன்யா, எவ்ளோ இருக்குன்னு." அவர் கோபப்படவில்லை. மூங்கில் தப்பை ஒன்றைக் கேட்டு வாங்கி டேங்க்குக்குள் விட்டு எடுத்தார். அதில் படிந்திருந்த கறுப்பைக் காட்டி, "இவ்ளோ கீது" என்றார். பிறகு சொன்னார்.

"அப்போ எறங்கனது தெரியாம எறங்கனது ஐயா. முட்ட நாத்தம் வந்தா பயமில்ல. அந்த நாத்தம் நின்னு பூட்டா, அப்பதான் மேல ஏறிடணும். என்கூட வந்தவன் அந்த மாதிரி வேற ஒரு ஊட்ல பூட்டான்."

அழுகிய முட்டை வாசனை வருவது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது மூக்கைத் துளைக்கும். அளவு கூடினால் முதலில் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும், வாயு போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வான். இதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். இறங்கியவன் மயங்கி விழுந்தால் தூக்கப் போகிறவனும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறான். 2019 மார்ச்சில் எங்கள் மாவட்டத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் போனார்கள், ஒரே தொட்டியில்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்க்குக்குள் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. அந்த இரண்டாவது செய்தி பேப்பரில் வந்த அன்று அப்பா அலமாரியைத் திறந்து பழைய நோட்டுகளைக் கிளறினார். 1999 நோட்டு கிடைத்தது. டேங்க் சுத்தம் ரூ. 600. கீழே, இதரச் செலவு ரூ. 90. அந்த இதரச் செலவு என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும், சாராயமில்லாமல் அந்த வேலைக்கு யாரும் இறங்கமாட்டார்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மழைக்காலக் கதையை முடித்துவிடுகிறேன். கசடு உறிஞ்சும் லாரிக்காரருக்குப் போன் போட்டதில், "மழ வுடட்டும் சார்" என்றார். காசு வருகிற வேலையை ஒருவர் வேண்டாம் என்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. காரணம் இருந்தது. ஏரிப் பாசனத்துக் களிமண் எங்கள் ஊர் மண். தரைக்குள் தண்ணீர் மேலேறி நிற்கும்போது உறைகுழி ஊறிக்கொள்ளாது, எவ்வளவு எடுத்தாலும் சுற்றியுள்ள ஊற்று திரும்ப நிரப்பும். அவசரப்பட்டுக் காலி செய்தால் வெளித் தண்ணீர் தள்ளுகிற தள்ளில் சுவர் விரிசல் விடும். பதினைந்து நாள் பக்கத்து வீட்டில் அனுமதி வாங்கிப் போய்வந்தோம். மழை விட்டதும் லாரி வந்தது, ஆறாயிரம் லிட்டர் டேங்க், தடித்த ஹோஸ், இருபது நிமிஷம். யாரும் உள்ளே இறங்கவில்லை. எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு எடம் கீது சார்" என்று வண்டியைக் கிளப்பினார். அது எந்த இடம் என்று ஏரிக் கால்வாய் ஓரமாக நடைபயிற்சி போகிறவர்களுக்குத் தெரியும். 2018-இல் மறுபடி வந்தபோது கருங்குழிக்குப் போகிறோம் என்றார்கள். மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் கசடு சுத்திகரிக்கும் நிலையம் வந்திருந்தது. அடுத்த வருஷம் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் எங்கள் கசடு மாவட்ட எல்லையைத் தாண்ட ஆரம்பித்தது.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். 2022 தையில், நல்ல வெயிலில், கோப்பை மறுபடி யோசிக்க ஆரம்பித்தது. இந்த முறை அப்பா கையிலிருந்து ஆசிட் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டேன். டேங்க் மூடியைத் திறந்தால் மட்டம் சரியாக இருந்தது. அப்படியென்றால் கோளாறு வழியில். வீட்டை ஒட்டிய சேம்பர் விளிம்பு வரை நிறைந்திருந்தது, டேங்க்குக்கு முந்தைய சேம்பர் காய்ந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே இருபத்தைந்து அடி. அதன் பாதியில் வேப்பமரம்.

வந்த மேஸ்திரி சின்னப் பையன், இருபத்தெட்டு இருக்கும். மூங்கில் தப்பையை விட்டார். பதிமூன்று அடியில் நின்றது, திருகி இழுத்ததில் நுனியில் நார் நாராக ஏதோ வந்தது. தோண்டினோம். பீங்கான் குழாய் இரண்டடி நீளம்தான், அதனால் இரண்டடிக்கு ஒரு இணைப்பு. சணலைச் சுற்றிச் சிமெண்ட் பூசிய அந்த இணைப்பில் மயிரிழை விரிசல் போதும், வேர் மோப்பம் பிடித்து நுழைந்துவிடும். உடைத்து எடுத்த குழாய்க்குள் ஒரு முழத்துக்கு வேர்க்கொத்து, எண்ணெய் காணாத சடை மாதிரி. வெளியே எடுத்துப் போட்டதும் அம்மா ஐயோ என்றாள். எதற்காக ஐயோ என்று தெரியவில்லை, மரத்துக்காகவும் இருக்கலாம்.

மரத்தை எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்றார் மேஸ்திரி. அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். எண்பத்தைந்து வயது. அது பதில் என்று மேஸ்திரி புரிந்துகொண்டார். மரத்தைச் சுற்றிக்கொண்டு புது வழி போட முடிவானது.

அடுத்த மூன்று நாள் நான் வேறெந்த வேலையும் பார்க்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு இஞ்ச் பிவிசி குழாய், அடியில் ஒரு சாண் மணல் மெத்தை. டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர். அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம்.

"பத்தடிக்கு ரெண்டர இஞ்ச் சார். அதுக்குக் கொறஞ்சா தேங்கும்."

"கூடுதலா குடுத்துடுங்களேன், வேகமாப் போகட்டும்."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்வாங்க. செங்குத்தா குடுத்தா தண்ணி ஓடிடும், மத்தது அங்கயே ஒக்காந்துக்கும். ரெண்டும் சேந்து போற வாட்டம்தான் வாட்டம்."

பழைய குழாய் மரத்தடியில் மண் இறங்கித் தொப்பை போட்டிருந்ததையும் காட்டினார். அந்தத் தொப்பையில்தான் முப்பத்தாறு வருஷமாக எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியிருக்கிறது. திருப்பத்தில் ஒரே எல்போவாகப் போடாமல் இரண்டு பெண்டு போட்டு, அங்கே ஒரு சேம்பர் கட்டி, மூடி தரைக்கு மேலே தெரிகிற மாதிரி வைத்தார். பந்தி போடும்போது கால் தடுக்குமே என்றேன். தடுக்கட்டும் என்றாள் அம்மா.

நோட்டு வாங்கிவந்து வரைபடம் போட்டேன். கக்கூஸ் சுவர், வேப்பமரம், தோய்க்கிற கல், மூன்று சேம்பர், டேங்க், உறைகுழி, எல்லாவற்றுக்கும் அடிக்கணக்கு. அதை, அன்று மூடியைக் கண்டுபிடித்துக் கொடுத்த பெரியவரிடம் காட்டலாம் என்று போனேன். அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய வீட்டுப் பட்டியலில் நாங்கள் ஏன் இருக்கப்போகிறோம்? அவர் மகன் தனியார் கம்பெனியில் வேன் ஓட்டுகிறார், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். அந்த வரைபடத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தேன்.

மண் தள்ளுமுன் ஓட்டம் பார்க்கவேண்டும் என்று மேஸ்திரி எலுமிச்சம்பழம் ஒன்று கேட்டார். பூஜைக்கு என்று நினைத்து அம்மா குங்குமம் தடவிக் கொண்டுவந்தாள். அவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி வீட்டையொட்டிய சேம்பரில் போட்டார், இரண்டு வாளித் தண்ணீரைச் சேர்ந்தாற்போல் கவிழ்க்கச் சொன்னார். நான் கடைசிச் சேம்பரில் குனிந்து நின்றேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தண்ணீர் வந்தது. குங்குமம் கரைந்து லேசாகச் சிவந்திருந்தது. பழம் வரவில்லை. "இன்னும் ஒண்ணு வுடுங்க" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். அம்மா மூன்றாவது வாளியைக் கவிழ்த்த சத்தம் கேட்டது. குழாய் வாயில் மஞ்சளாக ஏதோ முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது.

"வந்துடுச்சா?" என்று அம்மா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.